நிஸ்ட் ஃப்ரேம்வொர்க் 2.0: மண்டபத்து ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பயன்படுத்திய மதிப்பீடு

அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட சைபர் செக்யூரிட்டி ஃப்ரேம்வொர்க் 2.0, இணையத் தாக்குதல் அபாயங்களைச் சமாளிக்க ஒரு நிறுவனம் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஆவணம். செக்யூரிட்டி ஆர்க்கிடெக்ட் (கணினிப் பாதுகாப்பை வடிவமைப்பவன்) என்ற முறையில், ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இறாலும் கணவாயும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு குடும்பக் கம்பெனிக்கு இதைப் பயன்படுத்தினேன்.

ஆறு செயல்பாடுகள், 22 வகைகள், 106 துணைவகைகள் என விரியும் இதை முதல் வரியிலிருந்து டிக் அடித்துக்கொண்டே போனால் கோப்புதான் தடிக்கும். ஆகவே எது நடந்தால் தொழில் படுத்துவிடும் என்று முதலில் முதலாளியிடம் கேட்டேன். குளிர்பதன அறையின் வெப்பம் மைனஸ் 18 டிகிரியைத் தாண்டி ஏறிச் சரக்கு கெடுவது, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகப் போலி மின்னஞ்சல் போய் வெளிநாட்டு வியாபாரியின் பணம் வேறெங்கோ விழுவது என்று இரண்டைச் சொன்னார். இன்றைய நிலை, எட்ட வேண்டிய நிலை என இரண்டு சுயவிவரங்களை எழுதச் சொல்லும் பகுதிதான் இந்த ஆவணத்தின் உயிர் என்பது என் கருத்து. அந்த இரண்டு இழப்புகளைத் தொடும் துணைவகைகளை மட்டும் எடுத்து அந்தச் சுயவிவரங்களை எழுதினோம்.

பலன் உடனே தெரிந்தது. சொத்துப் பட்டியல் என்றால் கம்ப்யூட்டர்கள் மட்டுமே என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். ஆனால், குளிர்பதன அறையின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி, பில் போடும் கம்ப்யூட்டர்கள் இருந்த அதே வைஃபையில், வாங்கியபோது வந்த பாஸ்வேர்டு கூட மாற்றப்படாமல் இயங்கிக்கொண்டிருந்தது. அதைத் தனி நெட்வொர்க்கில் பிரித்தோம். வங்கிக் கணக்கு மாற்றம் எதுவானாலும், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் அழைத்து உறுதிசெய்யாமல் ஏற்க வேண்டாம் என்று வாங்குபவர்களுக்கும் எழுதி அனுப்பினோம்.

யார் பொறுப்பு, யார் முடிவெடுப்பது என்பதை வகுக்கும், இந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்த ‘ஆளுகை’ செயல்பாட்டைப் பலர் பெரிய நிறுவனங்களுக்கானது என்று ஒதுக்குகிறார்கள். நான் உடன்பட மாட்டேன். அண்ணன் கணக்கையும் தம்பி ஆலையையும் பார்க்கும் இடத்தில், தாக்குதல் நடந்தால் சர்வரை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது அதுவரை பேசப்படவே இல்லை. அபாய மேலாண்மை எவ்வளவு கறாராக நடக்கிறது என்று காட்டும் நான்கு அடுக்குகள் மட்டும் இந்த அளவுள்ள கம்பெனிக்குத் தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. எது வேண்டும் என்று சொல்லும் ஆவணம், எப்படிச் செய்வது என்று சொல்வதில்லை. அதற்கு, செய்ய வேண்டிய பாதுகாப்பு வேலைகளைப் பட்டியலிடும் சிஐஎஸ் கன்ட்ரோல்ஸ் 8.1 என்ற மற்றொரு ஆவணத்தின் முதல் குழுவிலுள்ள, அடிப்படையான 56 பாதுகாப்பு நடவடிக்கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்கும் ஒத்திகையை, விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில், ஆலையில் வேலை குறைந்திருந்தபோது நடத்தினோம்.

நம் நாட்டு விதிகளையும் நாமேதான் சேர்க்க வேண்டும்: இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, அதில் பட்டியலிட்ட சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும், கம்ப்யூட்டர்களின் இயக்கப் பதிவுகளை (லாக்) 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும்.

சிறு, நடுத்தர ஏற்றுமதியாளர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் வாங்குபவர் தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் கேட்டால் இது ஈடாகாது. அந்தத் தணிக்கைக்குத் தனியே செலவு ஒதுக்க வேண்டும்.