ஓப்பன் ஜியா, ஓப்பன் டியா? ஸ்லைடு ப்ளூஸுக்கு எந்தச் சுருதி

விரலில் மாட்டிய குழாயைக் கிட்டார் கம்பிகளின் மேல் வழுக்கி வாசிப்பதுதான் ஸ்லைடு. அதற்கு, எங்கும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டம்) வருகிற ஓப்பன் சுருதிகளில் கம்பிகளை வைப்பார்கள். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை சொன்னால், ஓப்பன் ஜி என்பது டி, ஜி, டி, ஜி, பி, டி. ஓப்பன் டி என்பது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. இப்படி எழுத்துகளாக மனப்பாடம் செய்தவரை இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஒருநாள் ஸ்வரங்களாக எழுதிப் பார்த்தேன். ஜி: ப ச ப ச க ப. டி: ச ப ச க ப ச. விஷயம் அங்கேயே பிடிபட்டுவிட்டது. பாட்டு பெரும்பாலும் ஓடுகிற முதல் கம்பி (மிக மெல்லியது), ஒன்றில் பஞ்சமம், இன்னொன்றில் ஷட்ஜம்.

ஓப்பன் டியில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தில் பதித்த உலோகக் கோடு) வழுக்கிப் போனால் மேல் ஷட்ஜம். 10ஆம் ஃப்ரெட்டில் கைசிகி நிஷாதம், அங்கிருந்து மெல்ல ஏறி ச-வில் நின்றால் ஒரு வாக்கியம் முடிந்த நிம்மதி வரும். எல்மோர் ஜேம்ஸ் 1951இல் பதிவுசெய்த ‘டஸ்ட் மை ப்ரூம்’ முழுக்க இந்த 12ஆம் ஃப்ரெட்டின் பலம்தான். அதற்கு நேர் எதிர்த் திசையில் ப்ளைண்ட் வில்லி ஜான்சன். 1927இல் டாலஸில் அவர் பதிந்த ‘டார்க் வாஸ் த நைட்’ பாட்டில் சொற்களே கிடையாது. அவர் முனகுகிறார், கம்பி அதே முனகலைத் திருப்பிச் சொல்கிறது. எது குரல், எது கிட்டார் என்று சில இடங்களில் நான் இன்றும் தடுமாறுகிறேன். 1977இல் வாயேஜர் விண்கலத்தோடு அனுப்பிய தங்கமுலாம் பூசிய இசைத்தட்டில் அந்தப் பதிவு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓப்பன் டியின் முதல் கம்பியில் 3ஆம் ஃப்ரெட் சாதாரண காந்தாரம் (தாழ்ந்த க), 4ஆம் ஃப்ரெட் அந்தர காந்தாரம் (உயர்ந்த க). ப்ளூஸின் உயிரான காந்தாரம் இந்த இரண்டுக்கும் நடுவில், ஃப்ரெட்டே இல்லாத இடத்தில் இருக்கிறது. அங்கே போய் நிற்கத்தான் ஸ்லைடு. கோட்டு வாத்தியம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது.

சரி, ஓப்பன் ஜி? முதல் கம்பி பஞ்சமம் என்பதால் அது தானாக அடங்காது. 3ஆம் ஃப்ரெட்டில் கைசிகி நிஷாதம், 5இல்தான் ஷட்ஜம். முதல் கம்பியைச் சும்மா தட்டினாலே கேள்வி கேட்ட மாதிரி இருக்கும். பதிலை மூன்றாம் கம்பிக்கு இறங்கி வந்து சொல்ல வேண்டும். மிசிசிப்பி டெல்டா வட்டார ப்ளூஸின் முரட்டுத்தனம் எனக்கு இந்த அடங்காமையில்தான் கேட்கிறது. 1930இல் விஸ்கான்சின் மாநிலத்து கிராஃப்டனில் பதிவுசெய்த டெல்டா பாடகர் சன் ஹவுஸைக் கேளுங்கள். கட்டை விரல் கீழே கம்பியை அறைந்துகொண்டே இருக்க, ஸ்லைடு மேலே ஒரு சொல்லை வீசிவிட்டு விலகிவிடும். அவரைப் பார்த்து வளர்ந்த ராபர்ட் ஜான்சனும் மடி வாட்டர்ஸும் ஸ்லைடுக்குப் பெரும்பாலும் இந்த ஓப்பன் ஜி குடும்பத்தைத்தான் நம்பினார்கள்.

கட்டை விரல் விஷயத்தில் டி சுலபம். ஆறாவது கம்பியும் நான்காவதும் ஷட்ஜம், கண்ணை மூடிக்கொண்டு தட்டலாம். ஜியில் ஆறாவது கம்பி பஞ்சமம், ஷட்ஜம் ஐந்தாவதில். பழகாத விரல் ஆறாவதில் விழுந்தால் அடித்தளம் ஆடிப்போகும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஓப்பன் ஜிக்கு ஆறாவது கம்பியையே கழற்றிவிட்டு ஐந்து கம்பியோடு வாசிப்பவர். 12 பார் ப்ளூஸுக்கான (பன்னிரண்டு தாளச் சுற்று கொண்ட ப்ளூஸ் வடிவம்) கார்டுகள் இரண்டிலும் ஒன்றுதான்: திறந்த கம்பி, 5ஆம் ஃப்ரெட், 7ஆம் ஃப்ரெட். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

அப்புறம் ஓப்பன் ஈ, ஓப்பன் ஏ. முதலாவது டியை இரண்டு ஃப்ரெட் உயர்த்தியது, இரண்டாவது ஜியை இரண்டு ஃப்ரெட் உயர்த்தியது. எலக்ட்ரிக் கிட்டாரின் மெல்லிய கம்பிகளுக்கு இந்த இறுக்கம் நல்லது. மாத்திரை அடைத்து வந்த கண்ணாடிக் குப்பியை மோதிர விரலில் மாட்டி டுவேன் ஆல்மன் வாசித்தது ஓப்பன் ஈயில். அகூஸ்டிக்கில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை ஈ வரை முறுக்கியபோது நான்காவது கம்பி அறுந்து மணிக்கட்டில் அடித்தது. இப்போதெல்லாம் டியில் வைத்து இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுக்கொள்கிறேன்.

இறக்கி வைப்பதிலும் சிக்கல் உண்டு. கம்பி தளர்ந்தால் ஸ்லைடு ஃப்ரெட்டில் இடித்துக் கடகடக்கும். வழக்கமான சுருதியிலிருந்து ஜிக்கு மூன்று கம்பிகளை இறக்கினால் போதும், டிக்கு நான்கு. அதனால் டியில் தளர்ச்சி கூடுதல். 13 கேஜ் என்னும் தடித்த கம்பி செட் போட்டு, கம்பியின் உயரத்தையும் கொஞ்சம் தூக்கி வைத்தால் கடகடப்பு போய்விடும்.

என்னைக் கேட்டால் முதல் ஆறு மாதம் டி. ஸ்லைடு கற்பவருக்குக் கடினமானது சுருதி சுத்தம்தான். ஸ்லைடு ஃப்ரெட்டுக்கு முன்னால் இல்லாமல் நேர் மேலே நிற்கிறதா என்பதைக் காது சொல்ல வேண்டும். மேலும் கீழும் ஷட்ஜம் ஒலிக்கும்போது பிசகு உடனே தெரியும். ஜியில் பஞ்சமம் அதை ஓரளவு மறைத்துவிடும். ஆனால் தனியாக உட்கார்ந்து தாளத்தோடு பாட வேண்டும், டெல்டாதான் என் ஆசை என்பவர் ஜியிலேயே தொடங்கலாம். அந்த அடி வேறெதிலும் வராது.

டியிலிருந்து ஜிக்கு மாற ஆறு, நான்கு, ஒன்று ஆகிய கம்பிகளைத் தொடவே வேண்டாம். மூன்றாவதை அரை ஸ்வரமும் (ஒரு ஃப்ரெட் அளவு) இரண்டாவதை ஒரு முழு ஸ்வரமும் (இரண்டு ஃப்ரெட் அளவு) ஏற்றுங்கள். ஐந்தாவதை மட்டும் ஜிக்குச் சற்றுக் கீழே வரை இறக்கிவிட்டு, திரும்ப மேலே ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் பாட்டின் நடுவில் தளராது.