செம்மண் பூமியில் நீச்சல் குளம்: ஃபில்டருக்குள் எதைக் கொட்டுவது?

ஒரு வெள்ளை பக்கெட்டில் போர் தண்ணீரைப் பிடியுங்கள். ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கலக்கி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் காலையில் பார்த்தபோது தண்ணீர் வெளிறிய டீ நிறத்தில் இருந்தது. அடியில் துருத்தூள். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு குளோரின் பட்டதும் துருவாகப் பிரிந்துவிடுகிறது. செம்புறாங்கல் மேலே வீடு கட்டியிருக்கிறோம், வேறென்ன வரும்?

பின்கட்டுக்குப் பின்னால் குளம் வெட்டுகிற யாரும் இந்த பக்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஃபில்டர் மீடியா (ஃபில்டருக்குள் நிரப்பும் வடிகட்டும் பொருள்) வாங்கப் போக வேண்டும். கடையில் காட்டுவது மைக்ரான் கணக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மணல் 20 முதல் 40 மைக்ரான் வரை பிடிக்கும், கார்ட்ரிட்ஜ் (மடிப்பு மடிப்பான துணி உருளை) 10 முதல் 20 வரை, டயட்டம் மண் (நுண்பாசி ஓடுகளின் பொடி) 3 முதல் 5 வரை. தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 70 மைக்ரான். இந்தக் கணக்குப்படி மணல்தான் கடைசி பெஞ்ச். நானும் அதைப் பார்த்துத்தான் முதலில் கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி ஃபில்டரைக் கழுவுவது) கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகாது என்று விற்றவர் சொன்னதும் மனசில் ஒட்டிக்கொண்டது.

ஐப்பசி மழை வந்தது. தோட்டத்துச் செம்மண் கரைந்து குளத்தில் இறங்கிய மூன்றாம் நாள், கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தால் மடிப்புக்கு மடிப்பு பாக்குக் கறை. ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பிடித்து ஹோஸில் அடித்தேன். முக்கால் மணி நேரம். அதற்குப் போன தண்ணீரைக் கணக்குப் போட்டால் மணல் ஃபில்டரை ஒரு தடவை பேக்வாஷ் செய்திருக்கலாம். கறை அப்போதும் போகவில்லை. போர் தண்ணீர் கடின நீராக இருந்தால் மடிப்பில் சுண்ணாம்பும் ஏறும், அதற்கு ஆசிட்டில் ஊறவைக்க வேண்டும். மழைநீரைத் தொட்டியில் சேமித்து அதையே குளத்துக்கு விடுகிறவர்களுக்கு கார்ட்ரிட்ஜ் நல்ல பொருள்தான். போர் தண்ணீர்க்காரர்களுக்கு வேண்டாம்.

அப்புறம்தான் மணலுக்கு மாறினேன். ஆற்று மணல் இல்லை. அரை மில்லிமீட்டர் பருமனில் சலித்த சிலிக்கா மணல். எங்கள் குளம் 20 அடிக்கு 10 அடி, ஆழம் 4 அடி, அதாவது சுமார் 22,600 லிட்டர். இதற்கு 20 அங்குல விட்டமுள்ள ஃபில்டர் போதும். மணிக்கு 10,000 லிட்டர் ஓடுகிறது என்றால், 3 நிமிட பேக்வாஷுக்கு 500 லிட்டர் வெளியே போகும். வாரம் ஒரு தடவை என்றாலும் மாதம் 2,000 லிட்டர். ஆனால் வாரா வாரம் செய்ய வேண்டியதே இல்லை. கொஞ்சம் அழுக்குப் பிடித்த மணல், புது மணலைவிட நன்றாக வடிகட்டும். சிக்கிய அழுக்கே அடுத்த தூசிக்குச் சல்லடையாகிவிடுகிறது. பிரஷர் கேஜ் முள், கழுவிய அன்று இருந்ததைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறட்டும், அப்போது செய்தால் போதும். வெளியே வரும் தண்ணீரைக் குழியில் ஒரு நாள் நிறுத்தி, குளோரின் ஆறியதும் தென்னைக்கு விடுகிறேன். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் குளமாக இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள்.

களிமண் நுண்துகள் மணலுக்கும் தப்பிவிடும். அதற்குக் கொஞ்சம் படிகாரம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து மணலில் மாட்டிக்கொள்ளும். (கார்ட்ரிட்ஜில் இதைச் செய்தால் அன்றைக்கே அடைத்துக்கொள்ளும்.) நான் படிகாரம் கரைப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி சிரித்தார்: "ஊருணித் தண்ணிய நாங்க குடத்துல ஒரு தேத்தாங்கொட்டைய உரசித் தெளிய வச்சோம் தம்பி. நீ மிஷினு வச்சு மல்லுக்கட்டுற."

மணல் கொட்டும்போது ஒரு எச்சரிக்கை. எங்களுக்கு வேலை பார்த்தவர் காலித் தொட்டியில் மூட்டையை அப்படியே கவிழ்த்துவிட்டார். அடியில் இருக்கும் கிளைக்குழாய் ஒன்று விரிசல் விட்டது. ஒரு வாரம் கழித்துக் குளத்தில் இறங்கினால், தண்ணீர் திரும்பி வரும் வாய்க்குக் கீழே பாதத்தில் நறநறவென்று மணல். தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, நடுக்குழாய் வாயை மூடிவிட்டுத்தான் கொட்ட வேண்டும். முகத்தில் மாஸ்க் அவசியம். சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கண்ணாடி மீடியா என்பது பெரும்பாலும் பாட்டில்களை உடைத்து முனை மழுக்கிய துகள். மணலைவிட எடையில் 15, 20 சதவீதம் குறைவாகப் போட்டால் போதும். வழவழப்பானது என்பதால் அழுக்கு அவ்வளவாக ஒட்டாது, பேக்வாஷ் சீக்கிரம் முடியும். விலைதான் மணலைப் போலப் பல மடங்கு. வாங்கும்போது உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள், குத்தினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜியோலைட் என்ற துளை நிறைந்த கனிமம் வீட்டுக் குளத்துக்கு அதிகப்படி. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக்கியவர்கள் அதை யோசிக்கலாம். ஆள் கூட்டம் அதிகமானால் வியர்வை, சிறுநீரிலிருந்து அம்மோனியா சேரும்; அது குளோரினோடு கலந்துதான் கண் எரிச்சலும் அந்த நெடியும். ஜியோலைட் அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உப்புக் குளத்தில் அந்தக் குணம் எடுபடாது, காரணம் சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

டயட்டம் மண்ணில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், சரி. ஒவ்வொரு பேக்வாஷுக்கும் புதுப் பொடி வேண்டும், அதை யார் ஊருக்குத் தருவித்துக்கொண்டே இருப்பது?

என் மணலுக்கு இது நான்காம் வருடம். சாதாரணமாக 5 முதல் 7 வருடம் தாங்கும். மாற்றும்போது கையில் காசு இருந்தால் கண்ணாடி, இல்லாவிட்டால் மறுபடி மணலேதான். அந்தக் கார்ட்ரிட்ஜ் இன்னும் கொட்டகையில் கிடக்கிறது, பாக்குக் கறையோடு.