எஃப்ஆர்டிஎம்-கேஎல்25இசட் போர்டு: நானோ துகள் மெமரிய கையில வச்சுப் பாக்கணும்னா இத வாங்குங்க

நானோ மெமரின்னாலே லேப்ல மட்டும் இருக்குற சமாச்சாரம்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. ஃப்ரீஸ்கேல்ங்கிற சிப் கம்பெனி 2012ல விட்ட மைக்ரோகண்ட்ரோலர் போர்டு இது, அதாவது ஒரே சிப்ல குட்டி கம்ப்யூட்டர் வச்ச போர்டு. அந்த கம்பெனி 2015 கடைசியில என்எக்ஸ்பிங்கிற இன்னொரு சிப் கம்பெனியோட சேர்ந்துடுச்சு. நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல மீரான் சாகிப் தெரு பக்கம் ஒரு சின்ன கடையில வாங்கினேன், கடைக்காரர் "இதுக்கு ஆர்டினோவே எடுத்துக்கலாமே சார், பசங்க எல்லாம் அதான் கேக்குறாங்க"ன்னாரு, ஆர்டினோ புதுசா பழகுறவங்களுக்கான போர்டு, எனக்கு இதுதான் வேணும்னு சொல்லி எடுத்துட்டு வந்தேன்.

காரணம் உள்ள இருக்குற 128 கேபி ஃப்ளாஷ், அதாவது கரண்ட் போனாலும் அழியாத மெமரி. சாதாரண ஃப்ளாஷ்ல ஃப்ளோட்டிங் கேட்னு, சுத்தியும் மின்சாரம் கடத்தாத பொருள் மூடின ஒரே பாலிசிலிக்கான் (பொடிப் படிகமா இருக்குற சிலிக்கான்) படலம் இருக்கும், 1967ல பெல் லேப்ஸ்ல காங்கும் ஸீயும் சொன்ன ஐடியா, எலக்ட்ரான் எல்லாம் அதுலதான் உக்காரும், அந்த சார்ஜ்தான் டேட்டா. கீழ இருக்குற மெல்லிசு ஆக்சைடு காப்பு அடுக்குல ஒரு இடத்துல பழுது வந்தாலும் அந்த வழியாவே மொத்த சார்ஜும் கசிஞ்சுடும். இந்த சிப்ல அந்தப் படலத்துக்கு பதிலா தனித்தனி சிலிக்கான் நானோ துகள். மாடி டேங்க்ல ஓட்டை விழுந்தா மொத்த தண்ணியும் போயிடும், அதையே குடம் குடமா புடிச்சு வச்சிருந்தா ஒண்ணு ஒழுகினாலும் மிச்சம் நிக்கும்ல, அதான் விஷயம். டேட்டாஷீட்ல குறைஞ்சது 10,000 தடவை எழுதி அழிக்கலாம்னு போட்டிருக்கு, 1,000 தடவைக்குள்ள நிறுத்திட்டா குறைஞ்சது 20 வருஷம் டேட்டா நிக்கும்னும் இருக்கு. ஒரு மைக்ரோகண்ட்ரோலருக்கு இது தாராளம்.

சிலிக்கானுக்கு பதிலா உலோகத் துகள் வச்சா இன்னும் நல்லா இருக்குமேன்னு கேக்கலாம், கண்டிப்பா இருக்கும். தங்கம், பிளாட்டினம் மாதிரி உலோகத்துல வொர்க் ஃபங்ஷன், அதாவது எலக்ட்ரான வெளிய இழுக்கத் தேவையான எனர்ஜி, அதிகம், தங்கத்துக்கு 5.1 எலக்ட்ரான் வோல்ட் (எனர்ஜிய அளக்குற யூனிட்) கிட்ட, சிலிக்கான்ல அதோட ஒப்பிடுற அளவு, எலக்ட்ரான் அஃபினிட்டி, 4.05தான், அதனால துகளுக்குள்ள போன எலக்ட்ரான் கிட்டத்தட்ட 1 எலக்ட்ரான் வோல்ட் கூடுதல் ஆழத்துல மாட்டிக்கும், வெளிய வர்றது கஷ்டம். ஆனா தங்க அணு சூட்டுல சிலிக்கானுக்குள்ள ஊடுருவி டிரான்சிஸ்டரையே கெடுத்துடும், அதனால சிப் ஃபேக்டரிக்குள்ள தங்கத்த விடவே யோசிப்பாங்க. சூடு அதிகம் தேவைப்படாத வளையுற பிளாஸ்டிக் மெமரியில தங்கத் துகள் நல்லா வேலை செய்யுது, எனக்கு ரொம்ப நம்பிக்கை இருக்குற பக்கம் அது.

போர்டுக்கு வரேன். 48 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-எம்0 பிளஸ் புராசஸர், 16 கேபி ரேம், ஆக்சிலரோமீட்டர் (அசைவு, சாய்வ உணர்ற சென்சார்), தொட்டு இழுக்குற ஸ்லைடர், மூணு கலர் எல்இடி, எல்லாம் மேலயே இருக்கு, ஆர்டினோ மேல சொருகுற ஷீல்டு போர்டுகளோட பின்னும் பொருந்தும். புரோகிராம் ஏத்த தனி டூல் வாங்க வேண்டாம். யூஎஸ்பி மட்டும் பழைய மினி டைப், அந்த கேபிளையும் அதே தெருவுல சேத்து வாங்கிடுங்க. தனி ஈஈப்ராம் (சின்னச் சின்ன டேட்டாவ சேமிக்குற மெமரி) கிடையாது, அதனால செட்டிங்ஸ சேமிக்கணும்னா ஃப்ளாஷ்லயே 1 கேபி செக்டர் செக்டரா அழிச்சு எழுதுற கோடு நீங்கதான் எழுதணும், நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரே செக்டர்ல எழுதுற மாதிரி டேட்டா லாகர் பண்ணீங்கன்னா 10,000 கணக்கு ஒரு வாரத்துலயே முடிஞ்சிடும், இடத்த மாத்தி மாத்தி எழுதுங்க.

ஃபைனல் இயர் ஈசிஈ பசங்க மெமரி பத்தி புராஜெக்ட் பண்றதா இருந்தா யோசிக்காம வாங்குங்க. எல்இடி மினுக்க மட்டும்னா கடைக்காரர் சொன்ன ஆர்டினோவே போதும்.