ஹாக்கி ஆட்டத்துக்காக ஒரு குளிர்காலப் பயணம்: மாண்ட்ரியாலா, டொராண்டோவா, ஒட்டாவாவா?

கிழக்குக் கனடாவில் தொழில்முறை ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றைப் பார்ப்பதற்காகவே இரண்டு மூன்று நாள் குளிர்காலப் பயணம் போக நினைப்பவர் முன்னால் மூன்று நகரங்கள் நிற்கின்றன: மாண்ட்ரியால், டொராண்டோ, ஒட்டாவா. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் மூன்றுக்கும் அணிகள் உண்டு. மூன்றும் ரயிலால் இணைக்கப்பட்டவை. ஆட்டமோ இருபது நிமிடப் பகுதிகள் மூன்றும் இரண்டு இடைவேளைகளுமாக ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்சப் பொழுதை எல்லாம் உறைபனிக்கு நடுவே அந்த ஊரில்தான் கழித்தாக வேண்டும். ஆகையால், புள்ளிப்பட்டியலைப் பார்த்து நகரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பயன் இல்லை. அரங்கத்துக்கும் தங்குமிடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் வெளியில் நடக்க வேண்டும், ஆட்டம் இல்லாத பகலில் அந்த ஊரில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்ற இரண்டையும் பார்ப்பதே பொருத்தம். இந்த அளவுகோலின்படி என் தேர்வு மாண்ட்ரியால். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்திவிடாது.

முதலில் குளிர். ஜனவரியில் மாண்ட்ரியாலின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 9 அல்லது 10 டிகிரி செல்சியஸ். ஒட்டாவாவும் ஏறக்குறைய அப்படித்தான். டொராண்டோ, ஒண்டாரியோ ஏரிக்கரையில் இருப்பதால், அங்கே சராசரி உறைநிலைக்குக் கீழே 3 அல்லது 4 டிகிரியோடு நின்றுவிடுகிறது. எண்களை மட்டும் பார்ப்பவர் டொராண்டோவே இதமானது என்று முடிவு செய்வார். எனினும், வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே ஏறி இறங்குவதால், அங்கே பகலில் உருகிச் சேறாகும் பனி இரவில் மறுபடி இறுகி நடைபாதையை வழுக்கலாக்கிவிடுகிறது. சென்னையின் மார்கழிக் குளிரை மட்டுமே அறிந்து முதன்முறையாக இங்கே வருபவருக்கு, மூன்று நகரங்களிலும் மேலங்கியைவிடக் காலணிதான் முக்கியம். நல்ல பிடிமானமும் நீர் புகாத தன்மையும் உள்ள பனிக்காலக் காலணி இல்லாமல் இந்தப் பயணத்தைத் தொடங்கவே கூடாது. அரங்கத்துக்குள்ளே அவ்வளவு குளிர் இருக்காது. ஒரு கம்பளிச் சட்டை போதும். கழற்றிய தடித்த மேலங்கியை ஆட்டம் முடியும்வரை மடியில் வைத்திருப்பதுதான் தொல்லை.

குளிரிலிருந்து தப்புவதற்கு மாண்ட்ரியாலும் டொராண்டோவும் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: நிலத்தடிப் பாதைகள். மாண்ட்ரியாலின் 'ரெசோ' வலையமைப்பு சுமார் 32 கிலோமீட்டர் நீளம்; டொராண்டோவின் 'பாத்' 30 கிலோமீட்டருக்கும் மேல். மாண்ட்ரியாலின் கனேடியன்ஸ் அணி ஆடும் பெல் சென்டர் அரங்கம், லூசியன்-லாலியே, போனாவெஞ்சர் ஆகிய இரண்டு மெட்ரோ நிலையங்களோடும் உள்வழியாகவே இணைந்திருக்கிறது. டொராண்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி ஆடும் ஸ்கோஷியாபேங்க் அரங்கம் யூனியன் ரயில் நிலையத்தை ஒட்டியே நிற்கிறது. பியர்சன் விமான நிலையத்திலிருந்து யூபி எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் 25 நிமிடத்தில் யூனியனில் இறங்கி, வெளிக்காற்று முகத்தில் படாமலே இருக்கையில் போய் அமர்ந்துவிடலாம். வந்து சேரும் வசதியில் டொராண்டோவை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. மாண்ட்ரியால் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு இரவு பகலாக ஓடும் 747 பேருந்து நம்பகமானதுதான் என்றாலும், பனிப்பொழிவு நாளில் நெடுஞ்சாலை நெரிசலுக்கு அதுவும் தப்புவதில்லை.

ஒட்டாவா இந்த இடத்தில்தான் தோற்கிறது. 1996இல் திறக்கப்பட்ட செனட்டர்ஸ் அணியின் கனேடியன் டயர் சென்டர், நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி, கனாட்டா என்ற புறநகரில் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. ஆட்ட நாட்களில் சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். போவதில் சிரமம் இல்லை. திரும்பும்போது ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே வேளையில் வாகன நிறுத்தத்திலிருந்து நகர, அவற்றுக்கு நடுவே பேருந்தும் நகர வேண்டும். அரங்கத்துக்கு அருகிலேயே விடுதி எடுக்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அப்படி எடுத்தால் ஒட்டாவாவுக்கு வருவதற்கான மிகச் சிறந்த காரணம், அதாவது நகர நடுவே உறைந்து கிடக்கும் ரீடோ கால்வாய், கைவிட்டுப் போய்விடும்.

அந்தக் கால்வாய்க்கு ஈடான ஒன்று மற்ற இரு நகரங்களிலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு, கட்டணம் எதுவும் இல்லாமல், நாடாளுமன்றக் கட்டடங்களுக்கு அருகிலிருந்து தொடங்கும் பனிப்பாதையில் சறுக்கிக்கொண்டே போகலாம். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் அதன் வழியே போகிறவர்களும் உண்டு. 1979 முதல் பிப்ரவரி தோறும் நடக்கும் 'விண்டர்லூட்' விழாவின் பனிச் சிற்பங்களும், கால்வாய்க் கரையில் சுடச்சுட விற்கும் 'பீவர்டெயில்' என்ற இனிப்புப் பொரியலும் அதோடு சேர்ந்தவை. ஆனால் பனி சுமார் 30 சென்டிமீட்டர் தடிமனுக்கு இறுகிய பிறகே கால்வாயைத் திறப்பார்கள். 2022-23 குளிர்காலத்தில் அது திறக்கப்படவே இல்லை; 1970களின் தொடக்கத்தில் இந்த வழக்கம் ஏற்பட்டதிலிருந்து அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டும் சில நாட்களே திறந்திருந்தது. மாதக்கணக்கில் முன்கூட்டியே ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குபவர், கால்வாய் அன்று திறந்திருக்கும் என்று நம்பித் திட்டமிடுவது சூதாட்டம்தான். டொராண்டோவில் நகர மன்றத்தின் எதிரே நாதன் பிலிப்ஸ் சதுக்கத்திலும், மாண்ட்ரியாலில் மவுண்ட் ராயல் குன்றின் மேல் பீவர் ஏரியிலும் சறுக்கலாம். அவை சிறியவை; ஆனாலும் கால்வாயைப் போல முழுக்க வானிலையின் தயவில் இருப்பவை அல்ல.

ஹாக்கியின் வரலாற்றைத் தேடி வருபவருக்குப் போட்டி மாண்ட்ரியாலுக்கும் டொராண்டோவுக்கும் இடையில் மட்டுமே. உள்ளரங்கில் முறைப்படி நடந்த முதல் ஹாக்கி ஆட்டம் 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியாலில்தான் நடந்தது. 1909இல் தொடங்கிய கனேடியன்ஸ் அணி, வெற்றியாளருக்கு வழங்கப்படும் ஸ்டான்லி கோப்பையை 24 முறை வென்றிருக்கிறது. வேறெந்த அணியும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. கடைசி வெற்றி 1993இல். மொரீஸ் ரிஷார் என்ற கனேடியன்ஸ் ஆட்டக்காரரை லீக் தலைவர் இடைநீக்கம் செய்ததற்காக 1955 மார்ச் 17 அன்று மாண்ட்ரியால் தெருக்களில் மூண்ட கலவரத்தை, கியூபெக்கின் பிரெஞ்சு மொழியினரின் அரசியல் விழிப்போடு சேர்த்துப் பேசுகிறவர்கள் அங்கே இன்றும் உண்டு. இந்தச் சுமை எல்லாம் அரங்கத்தில் தெரிகிறது. ஏறத்தாழ 21,000 பேர் அமரும் பெல் சென்டர் என்ஹெச்எல் அரங்குகளில் மிகப் பெரியது. செங்குத்தாக எழும் மேல்தளத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும், பக் எனப்படும் ரப்பர் வட்டு எங்கே போகிறது என்பதைவிட அடுத்து எங்கே போகப்போகிறது என்பதைக் கூட்டத்தின் மூச்சை வைத்தே ஊகிக்கலாம். அறிவிப்புகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வரும். பிரெஞ்சு தெரியாததால் ஆட்டத்தில் எதையும் இழக்க மாட்டீர்கள்.

டொராண்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் 13 கோப்பைகளை வென்ற அணி. ஆனால் கடைசிக் கோப்பை 1967இல் வந்தது. அதன் அரங்கத்தில் கீழ்த்தள இருக்கைகளில் கணிசமானவை பெருநிறுவனங்களின் கையில் இருப்பதாலோ என்னவோ, இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய பின்னும் அங்கே பல இருக்கைகள் காலியாகக் கிடக்கும் காட்சி வாடிக்கையாகிவிட்டது. அந்த விலைக்கு டிக்கெட் வாங்கிவிட்டு எப்படி மனம் வந்து வெளியே நிற்கிறார்கள் என்பது எனக்கு விளங்காத புதிர். ஆயினும் அருங்காட்சியகம் என்று வந்தால் டொராண்டோ முந்திக்கொள்கிறது. யூனியன் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், 1885இல் கட்டப்பட்ட பழைய வங்கிக் கட்டடத்தைத் தன்னுள் கொண்ட ஹாக்கி புகழ்மண்டபம் இருக்கிறது. 1892இல் ஸ்டான்லி பிரபு வழங்கிய, ஸ்டான்லி கோப்பையின் மூலக் கிண்ணம் அந்த வங்கியின் பெட்டகத்தில்தான் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகளோடு வருபவர்கள் அரை நாளை அங்கேயே செலவிடலாம்.

பழைய அரங்குகளை இரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் நடத்தியிருக்கின்றன. மாண்ட்ரியாலின் ஃபோரம் இப்போது திரையரங்கு கொண்ட வணிக வளாகம். 1931இல் திறந்த டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸின் தரைத்தளம் பல்பொருள் அங்காடியாகிவிட்டது. ஆடுகளத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தை அங்காடித் தரையில் ஒரு சிவப்பு வட்டம் காட்டுகிறது. மேல்தளத்தில் பல்கலைக்கழகம் ஒன்றின் ஸ்கேட்டிங் தளம் இயங்குவதால், அந்தக் கூரையின் கீழ் ஹாக்கி இன்னும் முழுவதும் ஓய்ந்துவிடவில்லை.

செலவைப் பார்த்தால் வரிசை தெளிவானது. என்ஹெச்எல் லீக்கிலேயே மிக அதிக விலைக்கு டிக்கெட் விற்கும் இடங்களுள் டொராண்டோ ஒன்று; மாண்ட்ரியால் சற்றுக் குறைவு; ஒட்டாவா மிகக் குறைவு. எதிரணி யார், எந்தக் கிழமை என்பதைப் பொறுத்து எல்லா அரங்குகளிலும் விலை மாறும். சனிக்கிழமை இரவு, கனேடியன்ஸும் மேப்பிள் லீஃப்ஸும் மோதும் ஆட்டத்துக்கு ஆசைப்பட்டால் பயணச் செலவில் பெரும்பகுதி டிக்கெட்டுக்கே போய்விடும். செவ்வாய் அல்லது வியாழன் இரவில், அவ்வளவு புகழில்லாத எதிரணியோடு நடக்கும் ஆட்டமே முதல்முறை வருபவருக்கு ஏற்றது; விடுதி வாடகையும் அப்போது குறைந்திருக்கும். டொராண்டோவில் டிக்கெட் கட்டுப்படியாகாத மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர்கள், தங்கள் அணி ஒட்டாவாவுக்கு ஆடப்போகும் நாளில் அங்கே திரண்டுபோய் அரங்கத்தின் பாதியைத் தங்கள் அணியின் நீல நிறமாக்குவது பல ஆண்டுகளாக நடப்பதுதான். அன்று ஒட்டாவாவிலும் விலை ஏறிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

இருக்கை விஷயத்தில் ஓர் அபிப்பிராயம். கண்ணாடித் தடுப்பை ஒட்டிய முன்வரிசைக்கு அதிகப் பணம் கொடுப்பது முதல் ஆட்டத்தில் வீண். உடல்கள் மோதும் சத்தம் காதில் விழுமே தவிர, எதிர்முனையில் நடப்பது ஒன்றும் புரியாது. மேல்தளத்தில், கோலுக்குப் பின்புறமோ மூலையிலோ, அணி வியூகம் முழுவதும் தெரியும்படி அமர்வதே மேல். டிக்கெட்டுகள் கைப்பேசிச் செயலியில்தான் வரும். திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு போனால் வாசலில் செல்லாது. உறைகுளிரில் கைப்பேசியின் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் அதை உள்சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது. என்ஹெச்எல் அட்டவணை பொதுவாக ஜூலையில் வெளியாகும். குளிர்கால ஒலிம்பிக்கில் லீக் பங்கேற்கும் ஆண்டுகளில், 2026இல் நேர்ந்ததைப் போல, பிப்ரவரியில் நீண்ட இடைவெளி விழும் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இன்னொரு தகவல்: அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் நடக்கும் வார இறுதியில், சனியும் ஞாயிறும் மதிய ஆட்டங்களை நடத்துவது மாண்ட்ரியாலின் நெடுநாள் வழக்கம்.

என்ஹெச்எல் விலை கட்டாதென்றால் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. மாண்ட்ரியாலின் இரண்டாம் நிலை அணியான லாவல் ராக்கெட், ஆரஞ்சு மெட்ரோ தடத்தின் கடைசி நிலையமான மோன்மொரென்சிக்கு அருகே பிளாஸ் பெல் அரங்கில் ஆடுகிறது; டொராண்டோவின் மார்லீஸ் அணி கோகோ கோலா கொலிசியத்தில் ஆடுகிறது. 2024 ஜனவரியில் தொடங்கிய தொழில்முறை மகளிர் ஹாக்கி லீக்கிலும் மூன்று நகரங்களுக்கும் அணிகள் உண்டு. அதே ஆண்டு ஏப்ரல் 20 அன்று மாண்ட்ரியால், டொராண்டோ மகளிர் அணிகள் மோதியபோது பெல் சென்டரின் 21,105 இருக்கைகளும் நிரம்பின. இதை ஏழைகளின் மாற்று என்று எண்ணுவது தவறு. ஆட்டத்தின் வேகத்தையும் கூட்டத்தின் உற்சாகத்தையும் வைத்துப் பார்த்தால் நானே சில வேளைகளில் இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன்.

பகல் பொழுதுக்கு வருவோம். மாண்ட்ரியாலின் பலமே இங்கேதான் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் பழைய துறைமுகத்தில் திறந்தவெளியில் நடக்கும் இக்லூஃபெஸ்ட் இசை இரவுகள், பிப்ரவரி இறுதியை ஒட்டித் தொடங்கும் ஒளி விழா, கல் பாவிய பழைய நகரத் தெருக்கள், 1820களில் எழுந்த நோட்ரடாம் தேவாலயம் என, குளிரை வெறுமனே பொறுத்துக்கொள்வதோடு நிற்காமல் குளிரையே கொண்டாடும் ஊர் அது. டொராண்டோ குளிர்காலத்தில் பெரும்பாலும் உள்ளரங்க நகரமாகிவிடுகிறது. அருங்காட்சியகம், கடைகள், 553 மீட்டர் உயர சிஎன் கோபுரம் என்று பொழுது போகும், ஆனால் அவற்றைக் கோடையிலும் பார்க்கலாம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. 1928 முதல் இயங்கும் ஷ்வார்ட்ஸ் கடையின் புகையூட்டிய மாட்டிறைச்சியும், பாலாடைக் கட்டித் துண்டுகளோடு குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலான 'பூட்டீன்' என்பதும் மாண்ட்ரியாலின் பெருமைகள். பூட்டீனைப் பார்த்தால் சைவம்போலத் தெரியும். குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்யப்படுவது. சைவக் குழம்பு உண்டா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவது அவசியம். பல கடைகளில் கிடைக்கிறது.

தமிழர்களுக்கு டொராண்டோவின் தனிக் கவர்ச்சி, நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் உறவினர் வீடு இருப்பது. தங்கும் செலவு மிச்சம். கொத்து ரொட்டியும் இடியப்பமும் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் ஸ்கார்பரோவுக்கு ஓடிக்கொண்டிருந்த இலகு ரயில் தடம் 2023 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. இரவு பத்து மணிக்கு ஆட்டம் முடிந்து, மெட்ரோவும் பேருந்துமாக மாறிப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வீடு, 'கோ' என்ற புறநகர் ரயிலின் ஏரிக்கரைப் பாதைக்கு அருகில் இருந்தால் யூனியனிலிருந்து நேரே போய்விடலாம். இல்லையென்றால் ஆட்டத்தன்று ஓர் இரவு மட்டும் நகர மையத்தில் அறை எடுப்பது உத்தமம். வீட்டில் காத்திருக்கும் அத்தைக்கு அதை விளக்குவது தனிச் சவால்.

ஆகவே ஐந்து நாள் கிடைத்தால் என் திட்டம் இது: பிப்ரவரியில், மாண்ட்ரியாலில் வாரநாள் ஆட்டம் ஒன்றுக்கு டிக்கெட் எடுத்து, மூன்று இரவுகள் அங்கே தங்கி, அதன்பின் இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் ஒட்டாவா போவது. அங்கே ஹாக்கி அரங்கத்தின் பக்கமே போகாமல், கால்வாய் திறந்திருந்தால் சறுக்கலாம். திறக்காவிட்டால் பனிச் சிற்பங்களைப் பார்க்கலாம். ஒட்டாவா ரயில் டிக்கெட்டைப் பணம் திரும்பப் பெறக்கூடிய வகையில் எடுத்துவைத்துவிட்டு, கால்வாயின் நிலவரத்தைப் புறப்படுவதற்கு முந்தைய நாள் பார்த்து முடிவு செய்யலாம். மாண்ட்ரியாலில் இன்னும் ஓர் இரவு தங்க நேர்ந்தால் அதனால் ஒரு நட்டமும் இல்லை.