ஃப்ளஷுக்குக் காத்திருப்பதா, ஸ்ட்ரெய்ட்டுக்கா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டைமாடி போக்கர், பண்ருட்டி முந்திரிக்கொட்டையைக் காசாக வைத்துத் தொடங்கியது. நம்மூரில் நிஜப் பணம் வைத்தால் வம்பு. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்தோடு ஆன்லைன் பண ஆட்டத்துக்கும் தடை. அதனால் நான் பணம் வைத்து ஆடியதெல்லாம் பணஜியில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பலில், மூன்றே மூன்று பயணம். அந்த அளவு அனுபவத்தில்தான் சொல்கிறேன்: நாலு சீட்டு சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருக்கும்போது, ஃப்ளஷைவிட (ஐந்தும் ஒரே ஜாதி, எல்லாம் ஹார்ட் என்பதுபோல்) இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டே (ஐந்தும் வரிசை எண், எந்த முனையில் வந்தாலும் நிறையும்) எனக்கு லாபமாகப் படுகிறது.

வெறும் கணக்கில் ஃப்ளஷ்தான் மேல். நம் கையில் இரண்டு சீட்டு. ஃப்ளாப், அதாவது நடுவில் எல்லாருக்கும் பொதுவான முதல் மூன்று சீட்டு, விழுந்தபின் நாம் பார்க்காத சீட்டு 47. அதில் ஃப்ளஷுக்கு 9 உதவும், ஸ்ட்ரெய்ட்டுக்கு 8. அடுத்த சீட்டிலேயே வருவதற்கு 19%, 17%. கடைசிவரை, அதாவது இன்னும் இரண்டு சீட்டும் பார்த்தால் 35%, 31.5%. நடுவில் ஓட்டை உள்ள ஸ்ட்ரெய்ட்டுக்கு நாலே சீட்டு, அதை விடுங்கள்.

ஆனால் சீட்டு வந்தபிறகு எதிராளி இன்னும் பணம் போடுவானா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் பயணத்தில் என் கையில் ஹார்ட்டில் எட்டு, ஒன்பது. நடுவில் மூன்றாவது ஹார்ட் விழுந்ததும் எதிரே இருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒருமுறை பார்த்தார், தன் சீட்டை டீலர் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அவர் போடாமல் போனது பரவாயில்லை. ஹார்ட் ராணியும் இன்னொரு ஹார்ட்டுமாகப் பெரிய ஃப்ளஷோடு நின்றிருந்தால் என் கதி?

அடுத்த முறை அதே எட்டு, ஒன்பதுதான், ஆனால் வேறு வேறு ஜாதி. நடுவில் ஏழு, பத்து, ராஜா, மூன்றும் மூன்று ஜாதி. நாலாவதாக ஆறு விழுந்தது. அந்த ஆறை யார் மதிப்பார்கள்? ராஜாவும் பத்தும் வைத்திருந்தவர் கடைசிவரை போட்டுக்கொண்டே இருந்தார். ஆறுக்குப் பதில் ஜாக்கி வந்திருந்தால் இந்தப் பேச்சு பேச மாட்டேன். ஏஸ்-ராணி வைத்திருப்பவன் பெரிய ஸ்ட்ரெய்ட்டோடு என்னை விழுங்கியிருப்பான். நடுவில் இரண்டு சீட்டு ஒரே ஜாதியாக இருந்தாலும் நம் எட்டில் இரண்டு சந்தேகக் கேஸ், அவை யாருக்காவது ஃப்ளஷ் ஆகிவிடலாம்.

இங்கேதான் டிப்ஸ் வருகிறது. பெரிய பாட் (நடுவில் சேர்ந்த பணம்) ஜெயித்தால் டீலருக்கு ஒரு சிப் வைப்பது மரியாதை. சிப்பெல்லாம் நம் பக்கம் வந்தபிறகு, தூக்கிப் போடாமல், கை நீட்டி வைக்க வேண்டும். எல்லாரும் சீட்டை மடக்கி விலகியதால் வந்த சில்லறைப் பாட் தொகைக்கு யாரும் எதிர்பார்ப்பதில்லை. எங்கள் மாடியில் டிப்ஸ் கிடையாது. கலைத்துப் போடுகிறவனுக்கு முதல் டீ, அவ்வளவுதான்.

இதைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பாட் 3,000 ரூபாய், எதிராளி 900 போடுகிறார். நாம் 900 கட்டினால் ஜெயிக்கக்கூடியது 3,900. அடுத்த ஒரு சீட்டை மட்டும் நம்பினால், 47-ல் 38 தடவை 900 போய் 9 தடவைதான் ஜெயிப்போம், அதனால் ஃப்ளஷுக்குத் தேவை 3,800. ஜெயிக்கும் ஒவ்வொரு முறையும் 100 மிச்சம். அந்த நூறை டீலருக்கு வைத்தால் கை காலி. கப்பல்காரர்கள் பாட் பணத்திலிருந்து தங்கள் பங்காக எடுக்கும் ரேக் வேறு, அது நம்மைக் கேட்டு எடுப்பதில்லை. ஸ்ட்ரெய்ட்டுக்குத் தேவை சுமார் 4,390, அதாவது 490 குறைகிறது, டிப்ஸோடு 590. ஆனால் அந்த 590-ஐ ஒளிந்திருக்கும் ஸ்ட்ரெய்ட் பெரும்பாலும் எதிராளியிடமே வாங்கித் தந்துவிடும். ஊரறிய நிற்கும் ஃப்ளஷுக்கு அந்த நூறையே ஈடுகட்ட ஆளில்லை.

"அப்ப டிப்ஸை நிறுத்து மச்சான்" என்றான் கூட வந்தவன். ராத்திரி முழுக்கச் சீட்டுப் போடுகிற ஆளிடமா மிச்சம் பிடிப்பது? நான் மடக்கப் பழகினேன், அவ்வளவுதான்.

டோர்னமெண்டில் கைக்குக் கை டிப்ஸ் இல்லை, அங்கே நான் உட்கார்ந்ததும் இல்லை. ஏஸ் கையில் இருக்கும் ஃப்ளஷ் மட்டும் விதிவிலக்கு. அதற்கு இன்றும் கட்டுவேன், ராணி வைத்திருக்கும் பெரியவர் எதிரே இருந்தால் இன்னும் சந்தோஷமாக.