புது லேப்டாப் என்று தலையில் கட்டிய ஷோ பீஸ்

மகளுக்குப் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷத்தில், கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் 46,500 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். பெட்டியில் டேப்புக்கு மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, “விண்டோஸ் எல்லாம் நாங்களே செட் பண்ணிட்டோம் சார், உங்களுக்கு வேலை மிச்சம்” என்றான் கடைப் பையன். நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்!

மூன்றாம் நாள் திரையின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழாக, தலைமுடி கனத்தில் ஒரு பச்சைக் கோடு. மூடியைக் கொஞ்சம் சாய்த்தால் மறையும், நிமிர்த்தினால் வந்துவிடும். “டிரைவர் பிரச்சினை” (விண்டோஸுக்குள் இருந்து திரையை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர்) என்று கடையில் இரண்டு நாள் வைத்திருந்து விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் ஆன் செய்தால், விண்டோஸ் வருவதற்கு முன்பே, கம்பெனி லோகோ மேலேயே கோடு நிற்கிறது. அப்புறம் என்ன டிரைவர்? ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டு டிவியில் பார்த்தேன். படம் சுத்தமாக இருந்தது. பழுது திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோதான். இதைச் சொன்னதும் கடைக்காரர் பேச்சு மாறியது: “கீழே போட்டிருப்பீங்க. அதுக்கெல்லாம் வாரண்டி இல்லை.”

ஓசூர் சர்வீஸ் சென்டருக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்த பெண் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்து, “வாங்கி அஞ்சு மாசம் ஆச்சா சார்?” என்றார். பில்லில் இருப்பதோ போன வாரத் தேதி. அவரே பேட்டரி ரிப்போர்ட்டும் எடுத்துக் காட்டினார். சார்ஜ் சைக்கிள், அதாவது பேட்டரி முழு அளவுக்குச் சார்ஜ் ஆகித் தீர்ந்த கணக்கு, 61. விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் அந்த எண் அழியாதாம், பேட்டரிக்குள்ளேயே பதிந்திருக்குமாம். வருகிறவர் போகிறவரெல்லாம் திறந்து மூடிப் பார்த்த ஷோ பீஸை எனக்குப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் சீரியல் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரண்டித் தேதியைப் பாருங்கள். புது விண்டோஸ் லேப்டாப் முதல்முறை ஆன் செய்யும்போது நாடு, மொழியெல்லாம் கேட்கும். நேராக டெஸ்க்டாப் வந்தால் யாரோ ஏற்கனவே திறந்திருக்கிறார்கள்.

பில், ரிப்போர்ட் இரண்டையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் கடையிலிருந்து போன்: “திரைப் பேனல் மாத்தித் தர்றோம் சார், புகாரை வாபஸ் வாங்கிடுங்க.” புதுப் பெட்டிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. மகள் இப்போதைக்கு ஹாஸ்டல் தோழியின் லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.