டூரிசம் ப்ரோமோஷன் ஹெட் ஆக ஒரு ஆன்லைன் கோர்ஸ்: சேரலாமா?

ஒரு ஏரியாவோட டூரிசம் ப்ரோமோஷன் டீமை லீட் பண்ற அளவுக்கு உங்களை தயார் பண்றோம்னு சொல்ற ஆன்லைன் கோர்ஸ் ஒன்னு முடிச்சேன். பேரு வேண்டாம், குறை சொல்லப்போறேன். நான் இந்த ஃபீல்டுக்கு புதுசு இல்ல, ப்ரோஷர் கட்டு தூக்கிட்டு போய் ட்ரேட் ஃபேர் ஸ்டால்ல கால் கடுக்க நின்னவன்தான், அடுத்து ஹெட் போஸ்டுக்கு போகணும்னா என்ன தெரிஞ்சிருக்கணும்னு பாக்கத்தான் சேர்ந்தேன்.

மொத்தம் எட்டு மாட்யூல், அதுல அஞ்சு வெறும் விளம்பரம். லோகோ, வீடியோ, ரீல்ஸ், இன்ஃப்ளுயன்சர். 2009ல ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து டூரிசம் 'உலகத்துலயே பெஸ்ட் வேலை'ன்னு விட்ட கேம்பெய்ன் ஞாபகம் இருக்கா, கிரேட் பேரியர் ரீஃப் தீவுல ஆறு மாசம் தங்கி ப்ளாக் எழுத ஆள் வேணும்னு போட்டு 34,000 பேருக்கு மேல அப்ளை பண்ணாங்களே, அதை மூணு மாட்யூல்ல திரும்பத் திரும்ப போட்டு அரைச்சிருக்காங்க. சுற்றுலா விளம்பரத்தை வேலைவாய்ப்பு விளம்பரமா போட்டதாலதான் பேப்பர்காரங்க அதை செய்தியாவே போட்டாங்கன்ற சூட்சுமத்தை மட்டும் ஒரு இடத்துலயும் சொல்லல.

இன்னொன்னு, மில்டன் கிளேசர்ன்ற டிசைனர் போட்ட அந்த 'ஐ லவ் நியூயார்க்' லோகோவை சிட்டி லோகோன்னே சொல்லிட்டு போறாங்க. 1977ல அது நியூயார்க் மாநிலத்துக்காக போட்டது. சின்ன தப்பு மாதிரி தெரியும், ஆனா இந்த வேலையோட தலைவலியே அங்கதான் இருக்கு. ஏரியா முழுசுக்கும் செலவு பண்ணுவோம், பேரை ஒரு பெரிய ஊரு வாங்கிட்டு போயிடும், மத்த ஊர்க்காரங்க எல்லாம் எங்க போட்டோ எங்கேன்னு சண்டைக்கு நிப்பாங்க.

உண்மையில ஹெட் விக்கற எதுவுமே ஹெட்டோட கையில கிடையாது, ஹோட்டல் ஒருத்தரோடது, பஸ் இன்னொருத்தரோடது, பாத்ரூம் உள்ளாட்சியோடது, ஆனா அந்த பாத்ரூம் நாறுதுன்னு எவனாவது ரிவ்யூ போட்டா போன் மட்டும் நமக்குதான் வரும். பட்ஜெட் மீட்டிங்ல இந்த கேம்பெய்னால எத்தனை பேரு கூடுதலா வந்தாங்கன்னு ஒரு கேள்வி கட்டாயம் வரும். புது ஃப்ளைட் விட்டதால வந்தாங்களா, லீவு சேர்ந்து வந்ததாலயா, நம்ம வீடியோவாலயா, எப்படி பிரிச்சு சொல்றது? அதுக்கு கோர்ஸ்ல பன்னெண்டு நிமிஷம். அதுலயும் லைக் எண்ணிக்கைய காட்டி முடிச்சுட்டாங்க, லைக் போட்டவன் எல்லாம் ரூம் போடுவானா?

ஏழாவது மாட்யூல் மட்டும் வேற லெவல். எடுத்த மேடம் நிச்சயமா அந்த சீட்ல உக்காந்து அடி வாங்கினவங்க, பேச்சுலயே தெரியுது. ஒரு இடம் வளர்ந்து, தேங்கி, அப்புறம் சரியவோ மறுபடி எழவோ செய்யும்னு பட்லர்ன்ற சுற்றுலா ஆய்வாளர் 1980ல போட்ட வளைகோட்டை வச்சு ஆரம்பிச்சு, தாய்லாந்து மாயா பே பீச் வரைக்கும் கொண்டுபோனாங்க. கூட்டம் தாங்காம பவளப்பாறை நாசமாகி 2018ல மூடி, 2022லதான் திறந்தாங்க, அதுவும் படகு பின்பக்கமாத்தான் வரணும்னு மாத்தி. கூட்டத்தை வரவைக்கறதுக்கு சம்பளம் வாங்கறவங்களே போதும் நிறுத்துங்கன்னு சொல்ற நாளும் வரும்னாங்க, எனக்கு பக்குனு ஆச்சு.

அவங்க குடுத்த அசைன்மென்ட்: ஆஃப் சீசன்ல கூட்டு விளம்பரத்துக்கு காசு போடச் சொல்லி ஹோட்டல் ஓனர்களுக்கு ஒரு பக்க லெட்டர். நான் விழிப்புணர்வு, பிராண்ட் மதிப்புன்னு அளந்து விட்டிருந்தேன். "நான் ஓனரா இருந்தா ஒரு பைசா தரமாட்டேன், எந்த மாசம் எத்தனை ரூம் காலின்னு முதல்ல எழுதுங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு தடவை எழுதினேன். இத்தனை வருஷ வேலையில கத்துக்காததை அந்த ஒரு லெட்டர்ல கத்துக்கிட்டேன்.

மத்தபடி லைவ் கிளாஸ்னு சொன்னது ரெக்கார்டிங், சர்டிஃபிகேட்ல என் இனிஷியல் தப்பு. புதுசா ஃபீல்டுக்கு வர்றவங்க சேரலாம், விளம்பரப் பகுதி அவங்களுக்கு உதவும். ஏற்கனவே உள்ள இருக்கறவங்களுக்கு அஞ்சுக்கு ரெண்டரைதான் குடுப்பேன், அதுல ரெண்டு மேடத்துக்கு. ஏழாவது மாட்யூலை மட்டும் தனியா தருவீங்களான்னு என் ஃப்ரெண்டுக்காக சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன், இன்னும் பதில் வரல.